வெனிஸ் வணிகனின் நீதிமன்றக் காட்சி: பிரித்துப் படித்து மேடையேற்ற முழுமையான வழிகாட்டி

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் நான்காம் அங்கத்தின் முதல் காட்சியை மட்டும் தனியாக எடுத்துப் போடுகிறவர்கள் அநேகம். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சட்ட அறிஞராக ஆண் வேடத்தில் வரும் போர்ஷியா இரக்கத்தைப் பற்றிப் பேசும் வசனத்தை உச்சக்கட்டமாக எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதற்கு ஒட்டுப்போட்டு விடுகிறார்கள்.

அது தோற்றுப்போகிற வசனம். தவணைக்குள் கடன் திரும்பாததால், பத்திரப்படி வணிகன் அன்டோனியோவின் சதையைக் கேட்டு நிற்கும் யூதன் ஷைலக் அதற்கு இம்மியும் அசைவதில்லை. வாதியாக உள்ளே வந்தவனை, அவன் வாய்விட்டுக் கேட்ட சட்டத்தைக் கொண்டே, குற்றவாளியாக வெளியே அனுப்புவதுதான் இந்தக் காட்சியின் வேலை. கீழே உள்ள படிகள் அதை மேடையில் தெரியவைக்கத்தான். வரிசையை மாற்றாதீர்கள், முதல் மூன்று படிகளைத் தாண்டிக் குதித்தவர்கள் ஒத்திகையில் திரும்பி வந்துதான் ஆகவேண்டியிருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் என்ன வேண்டும்

வரி எண் போட்ட முழு நாடகம் வேண்டும். காட்சியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் நடிகர்கள் தங்கள் வசனத்துக்குக் கோடு போட்டுவிட்டு மற்றதைப் படிக்க மாட்டார்கள். பதிப்புக்குப் பதிப்பு வரி எண் கொஞ்சம் மாறும் என்பதால் எல்லாரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்வது நல்லது.

பேசும் பாத்திரங்கள் எட்டு: டியூக் (வெனிஸின் ஆட்சியாளர்), அன்டோனியோ, அவன் நண்பர்கள் பசானியோ, கிராஷியானோ, சலேரியோ, பிறகு ஷைலக், போர்ஷியா, அவள் தோழி நெரிஸ்ஸா. பேசாமல் உட்கார்ந்திருக்கும் வெனிஸ் பெரியமனிதர்கள் இரண்டு மூன்று பேராவது இருக்கட்டும். திருப்பம் வரும்போது ஷைலக்கைச் சுற்றி இருக்கும் முகங்கள் மாறுவதைக் காட்ட ஆள் வேண்டும்.

பொருட்கள்: பத்திரம், கத்தி, தராசு, பணப்பை, பதுவா நகரத்துச் சட்ட அறிஞர் பெல்லாரியோவின் கடிதம், கையுறை, ஒரு மோதிரம். அட்டைக் கத்தியாக இருந்தாலும் பரவாயில்லை, முதல் ஒத்திகையிலிருந்தே கையில் இருக்கட்டும். காரணம் 7ஆம் படியில்.

2. முந்தைய ஐந்து காட்சிகளைப் படியுங்கள்

முதல் அங்கம், மூன்றாம் காட்சி. பசானியோவுக்காக 3,000 டக்கட் (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) கடன், மூன்று மாதத் தவணை, பொறுப்பேற்பவன் அன்டோனியோ. ஒரு ராத்தல் சதை என்ற நிபந்தனையை ஷைலக் விளையாட்டாகச் சொல்வதுபோல் சேர்க்கிறான். உடம்பில் தனக்குப் பிடித்த எந்த இடத்திலிருந்தும் என்றுதான் அங்கே பேச்சு. நீதிமன்றத்தில் அது இதயத்துக்கு மிக அருகில் என்று ஆகியிருக்கிறது. ஷைலக்காக நடிப்பவர் இந்த மாற்றத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் அங்கம், முதல் காட்சி. மகள் ஜெசிக்கா பணத்தோடும் நகையோடும் காதலன் லொரன்சோவுடன் ஓடிப்போன பிறகு ஷைலக் எப்படி இருக்கிறான் என்பது இங்கே. மனைவி லேயா கொடுத்த மோதிரத்தை மகள் ஒரு குரங்குக்கு விலையாகக் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்படும் இடத்தைப் படிக்காமல் நீதிமன்றத்துக்குள் நுழைகிறவன் வெறும் வில்லனாகத்தான் நுழைவான்.

அதே அங்கம், இரண்டாம் காட்சி. போர்ஷியா தான் மணக்கும் பசானியோவுக்கு மோதிரம் கொடுக்கிறாள், அதைக் கழற்றவே மாட்டேன் என்று அவன் வாக்குக் கொடுக்கிறான். கடனைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் கொடுத்துத் தீர்க்கச் சொல்கிறாள். நீதிமன்றத்தில் பசானியோ நீட்டும் பணம் அவளுடையது.

மூன்றாம் காட்சியில் ஒரே ஒரு பேச்சு போதும். டியூக் சட்டத்தை மறுக்க முடியாது, வெளிநாட்டாரின் வாணிபத்தில்தான் இந்த நகரம் வாழ்கிறது, அவர்களுக்கு நீதி இல்லையென்றால் நகரத்தின் பெயரே கெடும் என்று அன்டோனியோ சொல்கிறான். பாதிக்கப்படப்போகிறவனே ஒப்புக்கொள்கிறான். டியூக் ஏன் ஒரு வார்த்தையில் வழக்கைத் தள்ளிவிடவில்லை என்று பார்வையாளர்கள் கேட்பார்கள், பதில் இதுதான். காட்சியைத் தனியாகப் போடுகிறவர்கள் இந்த நாலைந்து வரியைத் தொடக்கத்தில் எப்படியாவது நுழைத்துவிடுங்கள்.

நான்காம் காட்சியில் போர்ஷியாவும் நெரிஸ்ஸாவும் ஆண் வேடம் போடத் திட்டமிடுகிறார்கள். ஒருமுறை வாசித்தால் போதும்.

3. யாருக்கு என்ன தெரியும்: ஒரு பட்டியல்

ஒரு தாளில் பாத்திரங்களின் பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் நேரே காட்சி தொடங்கும்போது அவருக்குத் தெரிந்ததை எழுதுங்கள். அடியில் பார்வையாளர்களையும் ஒரு பாத்திரமாகச் சேருங்கள்.

வந்திருக்கும் இளம் சட்ட அறிஞர் பல்தசார் உண்மையில் போர்ஷியா என்பது பார்வையாளர்களுக்குத் தெரியும், பசானியோவுக்குத் தெரியாது. ஆனால் அவள் கையில் என்ன வாதம் இருக்கிறது என்பது பார்வையாளர்களுக்கும் தெரியாது. காட்சி ஓடுவதே இந்த இரண்டாலும்தான். முதலாவது சிரிப்பைத் தருகிறது, இரண்டாவது பதைப்பைத் தருகிறது.

புதியவர்கள் இரண்டையும் கலந்துவிடுவார்கள். போர்ஷியா உள்ளே வந்ததுமே கண்ணைச் சிமிட்டி, ‘எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற தோரணையில் நின்றால் பதைப்பு போய்விடும். வேடத்தைப் பற்றிய ரகசியத்தைப் பார்வையாளர்களோடு பகிரலாம். வாதத்தைப் பற்றியதை அவள் முகம் கடைசிவரை காட்டக்கூடாது.

அப்புறம் ஒரு முடிவை எடுத்தே ஆகவேண்டும்: பத்திரம் சதையைத்தான் தருகிறது, ரத்தத்தைத் தரவில்லை என்ற ஓட்டையை அவள் பெல்லாரியோவிடமிருந்தே கொண்டு வந்தாளா, நீதிமன்றத்தில் பத்திரத்தைப் பார்த்தபோது கண்டுபிடித்தாளா? நாடகம் சொல்லவில்லை. முன்பே தெரியும் என்றால் அவள் ஷைலக்குக்கு வாய்ப்புமேல் வாய்ப்பு கொடுத்துச் சோதிக்கிறாள். அங்கேதான் கண்டுபிடித்தாள் என்றால் பாதிக் காட்சி அவள் நேரம் கடத்துகிறாள். இரண்டும் செல்லும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு முதலாவதுதான் சரியாகப் படுகிறது, கேள்விகள் அவ்வளவு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

4. காட்சியை ஐந்து துண்டாக வெட்டுங்கள்

மொத்தம் ஏறக்குறைய 450 வரி. ஒரே மூச்சில் ஒத்திகை பார்த்தால் நடுப்பகுதி தொய்ந்துவிடும்.

முதல் துண்டு, போர்ஷியா வருவதற்கு முந்தையது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதிலேயே போய்விடுகிறது. இரண்டாவது, அவள் வந்ததிலிருந்து தீர்ப்பை உச்சரிக்கும் வரை. மூன்றாவது, ‘கொஞ்சம் பொறு’ என்று அவள் நிறுத்தும் இடம் தொடங்கி ஷைலக் வெளியேற முயலும் வரை. ஏறக்குறைய 300ஆம் வரியை ஒட்டித் தொடங்கும். நான்காவது, அந்நியர் சட்டமும் தண்டனையும். ஐந்தாவது, மோதிரம்.

ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இங்கே யார் யாரிடம் எதைக் கேட்கிறார்கள்? முதல் துண்டில் எல்லாரும் ஷைலக்கிடம் இரக்கம் கேட்கிறார்கள். நான்காவதில் ஷைலக்குக்கு இரக்கம் காட்டலாமா என்று அன்டோனியோவிடம் கேட்கிறார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே காட்சியின் எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

5. முதல் துண்டு: எல்லாக் கதவையும் அடையுங்கள்

இதை வெட்டுகிறவர்கள்தான் அதிகம். போர்ஷியா வரும்வரை சும்மா பேச்சுதானே என்று நினைக்கிறார்கள். அவள் வருவதற்குள் மற்ற எல்லா வழிகளும் அடைபட்டிருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தத் துண்டு.

டியூக் மனிதாபிமானத்தைச் சொல்லிப் பார்க்கிறார். பசானியோ 3,000 டக்கட்டுக்கு 6,000 நீட்டுகிறான். அந்த ஆறாயிரத்தில் ஒவ்வொரு டக்கட்டும் ஆறு டக்கட்டாக ஆனாலும் வேண்டாம் என்கிறான் ஷைலக். அன்டோனியோவே இனி கெஞ்சாதீர்கள் என்று நண்பர்களைத் தடுக்கிறான். கிராஷியானோ திட்டுகிறான். மனிதாபிமானம், பணம், வசை, எதுவும் எடுபடவில்லை.

ஷைலக்கின் பேச்சில் இரண்டு இடங்களைத் தொடாதீர்கள். ஒன்று, ஏன் சதை கேட்கிறாய் என்றால் ‘என் மனசு அப்படி’ என்று சொல்லி, சிலருக்குப் பன்றித்தலை ஆகாது, சிலருக்குப் பூனை ஆகாது என்று உதாரணம் அடுக்குவது. காரணம் சொல்ல மறுப்பதுதான் அவன் பலம். இன்னொன்று, நீங்கள் விலைக்கு வாங்கிய அடிமைகளை விடுவிப்பீர்களா என்று கேட்பது. நீங்கள் அவர்களை உங்கள் சொத்து என்கிறீர்கள், நான் விலைகொடுத்த சதையை என் சொத்து என்கிறேன். இதற்கு அந்த அவையில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. டியூக் உடனே அவையைக் கலைத்துவிடுவேன் என்ற பேச்சுக்குத் தாவுகிறார். அந்தத் தாவலை அவசரப்படாமல் நடியுங்கள்.

6. போர்ஷியா அன்டோனியோவின் வக்கீல் இல்லை

நம் ஊரில் இந்தத் தவறு கட்டாயம் நடக்கும். சினிமா நீதிமன்றத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் போர்ஷியாவை உடனே கறுப்புக் கோட்டில் நிறுத்தி, ‘கனம் கோர்ட்டார் அவர்களே’ என்ற தொனியில் பேசவைத்துவிடுவார்கள். கூட்டம் கைதட்டும், காட்சி செத்துவிடும்.

அன்டோனியோவுக்கு வக்கீலே கிடையாது. போர்ஷியா வருவது பெல்லாரியோவுக்குப் பதிலாக, நீதிமன்றத்துக்குச் சட்டம் எடுத்துச் சொல்ல. ஷைலக் அவளை நீதிபதி என்றே அழைக்கிறான். அவள் நடுநிலையானவள் என்று அவன் நம்பினால்தான் வலை விழும். சட்டத்தை ஒருமுறை வளைத்துவிடுங்கள் என்று பசானியோ கெஞ்சும்போது, முடியாது, அது முன்மாதிரியாகிவிடும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்கிறாள். ‘தானியேலே தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டான்’ என்று ஷைலக் குதிப்பது அதற்காகத்தான். பைபிளில் பொய்ப்பழியிலிருந்து சூசன்னாவைக் காப்பாற்றிய தானியேல். பின்னால் கிராஷியானோ இதே புகழ்ச்சியைப் பிடுங்கி அவன்மேலேயே வீசுவான்.

இன்னொன்று: சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. பத்திரம் உண்மையா என்றால் ஆமாம் என்று அன்டோனியோ ஒப்புக்கொள்கிறான். உண்மையைக் கண்டுபிடிக்கும் காட்சியாக இதை நடித்தால் கண்டுபிடிக்க ஒன்றுமே இருக்காது. கேள்வி ஒன்றுதான், இந்த மனிதன் எந்த இடத்திலாவது நிற்பானா?

7. மூன்று வாய்ப்புகள், ஒரு தாள்

போர்ஷியா ஷைலக்குக்கு மூன்று முறை கதவைத் திறக்கிறாள். ஒத்திகையில் அதிக நேரத்தை இங்கே போடுங்கள்.

முதல் வாய்ப்பு, இரக்கம். அந்தப் புகழ்பெற்ற வசனம் ஒரு கேள்விக்குப் பதில். யூதன் இரக்கம் காட்டத்தான் வேண்டும் என்கிறாள் அவள்; எந்தக் கட்டாயத்தின் பேரில் என்று அவன் கேட்கிறான். அவள் ஆரம்பிப்பதே அதற்குத்தான்: இரக்கத்துக்குக் கட்டாயமே கிடையாது. இதைச் சபையைப் பார்த்துப் பிரசங்கமாகச் சொல்லாதீர்கள், ஷைலக் ஒருவனைப் பார்த்துச் சொல்லுங்கள். முடிந்ததும் கைதட்டலுக்காக நிற்கவும் கூடாது. ‘சட்டம்தான் வேண்டும்’ என்ற அவன் பதில் உடனே விழ வேண்டும்.

இரண்டாவது வாய்ப்பு, பணம். மூன்று மடங்கு தருகிறார்கள், வாங்கிக்கொள், பத்திரத்தைக் கிழிக்கச் சொல் என்கிறாள். வானத்தில் சத்தியம் செய்திருக்கிறேன் என்கிறான்.

மூன்றாவதுதான் முக்கியம், மிகச் சின்னதும் அதுதான். சதையை நிறுக்கத் தராசு இருக்கிறதா என்கிறாள்; தயார் என்கிறான். ரத்தம் கொட்டிச் செத்துவிடாமல் காயத்தைக் கட்ட ஒரு வைத்தியரை உன் செலவில் வைத்துக்கொள் என்கிறாள். அப்படிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று கேட்கிறான். எழுதவில்லை, ஒரு தர்மத்துக்காகச் செய்யலாமே என்கிறாள். ‘எனக்கு அகப்படவில்லை, பத்திரத்தில் இல்லை’ என்கிறான்.

முடிந்தது. ரத்தம் என்ற சொல்லை அவள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். பத்திரத்தில் எழுதாதது செல்லாது என்ற விதியை அவன் வாயாலேயே சொல்லவும் வைத்துவிட்டாள். ஏறக்குறைய 45 வரி கழித்து இந்த இரண்டையும் சேர்த்து அவன்மேல் போடுவாள். இதைப் புதியவர்கள் தண்ணீர் குடிப்பதுபோல் கடந்துவிடுவார்கள்.

இங்கே பத்திரத்தாள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சற்று முன்புதான் போர்ஷியா கேட்டு வாங்கினாள். ‘அகப்படவில்லை’ என்று சொல்ல வேண்டுமானால் அவன் அதைப் பார்த்தாக வேண்டும். ஆக, ஒன்று தாள் அவன் கைக்குத் திரும்ப வேண்டும், இல்லை அவன் அவளருகே போய்க் குனிந்து பார்க்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்லித்தருவேன். இரண்டு தலைகளும் ஒரே தாளுக்கு மேல். ஷைலக் விரலால் வரிவரியாகத் தேடட்டும், அவசரமில்லாமல், கணக்குப் பார்க்கிறவன்போல. அவள் தாளைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்க்கட்டும். அந்த விரல் கடைசி வரியில் வந்து நிற்கிறபோது அரங்கில் ஒரு இருமல்கூடக் கேட்காது. வெறுங்கையோடு ஒத்திகை பார்த்தால் இது வராது. தாள் கையில் இருந்தால் தானாக வரும்.

8. திருப்பத்துக்கு முன் சிரிப்பு இருக்கட்டும்

அன்டோனியோ விடைபெறுகிறான். உன்னைக் காப்பாற்ற என் மனைவியையே பலி கொடுப்பேன் என்கிறான் பசானியோ. உன் மனைவி கேட்டால் நன்றி சொல்ல மாட்டாள் என்று போர்ஷியா பக்கத்திலிருந்து சொல்கிறாள். கணவன் மனைவியான கிராஷியானோவும் நெரிஸ்ஸாவும் அதையே இன்னொரு முறை செய்கிறார்கள்.

கத்தி எடுத்த இடத்தில் ஜோக்கா என்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டக்கூடாது. பார்வையாளர்கள் சிரித்து மூச்சுவிட்டால்தான் அடுத்த அடி உறைக்கும். ஐந்தாவது துண்டின் மோதிரத்துக்கு விதையும் இங்கேதான். ஷைலக்குக்கும் இங்கே ஒரு வரி இருக்கிறது: இவர்கள்தான் கிறிஸ்தவக் கணவர்கள், எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்கிறான். ஜெசிக்காவின் நினைவு இந்தக் காட்சியில் அவன் வாயிலிருந்து வருவது அப்போதுதான். தாழ்ந்த குரலில், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் போகட்டும்.

9. திருப்பம்: மௌனத்தை எங்கே வைப்பது

சதை உனக்குத்தான் என்று போர்ஷியா இரண்டு முறை சொல்கிறாள். ஷைலக் கத்தியோடு முன்னே வருகிறான். ‘கொஞ்சம் பொறு, இன்னும் ஒன்று இருக்கிறது.’

மௌனம் இந்த வரிக்கு முன் வேண்டாம். முன்னால் வைத்தால் ஏதோ வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவன் கை மேலே போன பிறகு, அவனை வெட்டிக்கொண்டு வரட்டும் அந்த வரி. கத்தாமல், அலுவலகத்தில் பேசுகிற குரலில். மௌனம் அதற்குப் பிறகு, பத்திரம் ஒரு சொட்டு ரத்தத்தையும் உனக்குத் தரவில்லை என்று அவள் முடித்ததும்.

கிராஷியானோ அந்த மௌனத்தை ரொம்ப நீட்டவிடாமல் உடைக்கட்டும். ‘அதுதான் சட்டமா?’ என்று ஷைலக் கேட்பதை ஆத்திரமாக நடிக்கிறார்கள். நிஜமாகவே தெரியாமல் கேட்கிற கேள்வியாக நடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

10. அதற்குப் பிறகு இறங்குபடி

திருப்பத்தோடு காட்சி முடிந்ததாக நினைத்து வேகமெடுத்து ஓடுவது அடுத்த பெரிய தவறு. இன்னும் 150 வரி இருக்கிறது. ஷைலக்கின் கோரிக்கை படிப்படியாக இறங்குகிறது: மூன்று மடங்கு கொடுங்கள், அதாவது 9,000, அசலாவது கொடுங்கள், 3,000, ஒன்றும் வேண்டாம், போகிறேன். ஒவ்வொரு படியிலும் பசானியோ பணத்தை நீட்டுகிறவன், போர்ஷியா தடுக்கிறவள். நல்ல ஷைலக் ஒவ்வொரு படிக்கும் வாசலை நோக்கி இரண்டடி வைப்பார்.

வாசலில் வைத்துப் பிடிக்கிறது இரண்டாவது சட்டம். அந்நியன் ஒருவன் குடிமகனின் உயிரைப் பறிக்க முயன்றால் சொத்தில் பாதி அந்தக் குடிமகனுக்கு, மறுபாதி அரசுக்கு, உயிர் டியூக்கின் கையில். இதற்கு முன் நாடகத்தில் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்நியனுக்கும் சட்டம் ஒன்றுதான் என்று நம்பித்தான் ஷைலக் வந்தான். அந்நியனுக்கென்று தனியாக ஒரு சட்டம் உள்ளே இருந்திருக்கிறது. சுற்றியுள்ளவர்கள் ஷைலக்கைப் பெரும்பாலும் யூதன் என்றே கூப்பிட்டு வந்ததும் இங்கே வந்து சேர்கிறது. அந்த விளிகளை மென்மையாக்கினால் இந்த அடி விழாது.

பிறகு டியூக் ஷைலக்கை உயிரோடு விட்டுவிடுகிறார். அன்டோனியோ தன் பங்குப் பாதியை வைத்துப் பார்த்துக்கொண்டு பிற்பாடு லொரன்சோவுக்குக் கொடுப்பேன் என்கிறான். ஷைலக் கிறிஸ்தவனாக வேண்டும் என்று நிபந்தனை போடுகிறான். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த 1558இன் இத்தாலியத் தொகுப்பில் மதமாற்றம் கிடையாது. அங்கே கடன் கொடுத்தவன் ஆத்திரத்தில் பத்திரத்தைக் கிழித்துவிடுகிறான், அவ்வளவுதான். இது ஷேக்ஸ்பியர் சேர்த்தது, அதனால் வேண்டுமென்றே வைத்தது. அந்த அவையில் இதற்குப் பெயர் இரக்கம். போர்ஷியாவின் இரக்க வசனத்தை இந்த இடத்தில் பார்வையாளர்களுக்கு நினைவு வரச் செய்ய முடிந்தால் உங்கள் வேலை முடிந்தது. அதற்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், ‘திருப்திதானா?’ என்று போர்ஷியா கேட்பதற்கும் ‘திருப்தி’ என்று அவன் சொல்வதற்கும் நடுவே நேரம் கொடுங்கள், போதும்.

உடம்பு சரியில்லை, சொத்தை எழுதித்தரும் பத்திரத்தை வீட்டுக்கு அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி அவன் போகிறான். இதில் அழுகையைக் கொட்டாதீர்கள். நாடகத்தில் அவன் இனி வரமாட்டான், ஐந்தாம் அங்கத்திலும் கிடையாது.

11. மோதிரத்தை வெட்டலாமா?

வெட்டலாம், ஆனால் எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்து வெட்டுங்கள். சன்மானமாகப் போர்ஷியா முதலில் கையுறையைக் கேட்கிறாள். பசானியோ கழற்றியதும் விரலில் மோதிரம் தெரிகிறது, அதைக் கேட்கிறாள். முதலில் மறுத்து, அன்டோனியோ சொன்ன பிறகு கொடுத்தனுப்புகிறான். வாக்கை எழுத்துப்படி பிடித்துக்கொண்டதற்காக ஒருவனைத் தண்டித்துவிட்டு, அதே மூச்சில் இன்னொருவனை வாக்கை மீறவைக்கிறார்கள்.

முழு நாடகம் போடுகிறவர்களுக்கு இது ஐந்தாம் அங்கத்துக்குப் பாலம், தொடவே கூடாது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில நடிகர் ஹென்றி இர்விங் சில தடவை ஐந்தாம் அங்கத்தையே விட்டுவிட்டு ஷைலக்கின் வெளியேற்றத்தோடு முடித்திருக்கிறார். தனிக் காட்சிக்கு அந்த முடிவு பொருந்தும். ஆனால் மோதிரத்தை வெட்டினால் 8ஆம் படியில் சொன்ன மனைவி ஜோக்குகளையும் பாதியாகக் குறையுங்கள், இல்லையென்றால் அவை அந்தரத்தில் நிற்கும்.

12. மேடையில் சில்லறை விஷயங்கள்

கத்தியை ஷைலக் செருப்பின் அடியில் தீட்டுகிறான், கிராஷியானோவின் கிண்டல் அதை வைத்துத்தான். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் ஒரு சத்தமும் வராது. தோல் அடிப்பாகம் உள்ள ஜோடு தேடுங்கள். மழுங்கிய கத்தி மட்டும்தான், ஒத்திகையிலும்.

தராசை ஆரம்பத்திலிருந்து மேஜைமேல் வைக்காதீர்கள். போர்ஷியா கேட்டதும் அவன் பையிலிருந்து எடுக்கட்டும். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான் என்ற எண்ணம் கூட்டத்துக்கு அப்போதுதான் உறைக்கும்.

அன்டோனியோவின் சட்டை ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். பட்டன் ஒவ்வொன்றாகக் கழற்றி நின்றால் சிரித்துவிடுவார்கள்.

ஒத்திகை வரிசை: மூன்றாவது துண்டை முதலில் எடுங்கள், பிறகு இரண்டாவது, நான்காவது, கடைசியில் முதலாவது. திருப்பம் எந்த இடத்தில் விழுகிறது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு அதற்கு முந்தையதைக் கட்டினால், எதை ஒளிக்க வேண்டும் என்று நடிகர்களுக்கே தெரிந்துவிடும். நேரம் போதாது என்றால் கிராஷியானோவின் வசைகளில் பாதியையும் அன்டோனியோவின் விடைபெறும் பேச்சையும் சுருக்குங்கள். வைத்தியர் பற்றிய அந்த ஆறு ஏழு வரியில் மட்டும் பேனாவை வைக்காதீர்கள்.